வார்டில் குடியிருக்கும் மாதங்கள்

ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவர் அடுத்துச் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. எந்தத் தாய் தகப்பனுக்கும் அப்படித்தான். அதனால் முதல் நாள் பேச்சை முழுதாகப் புரிந்துகொள்ளப் போராட வேண்டாம். மறுநாள் இன்னொரு முறை உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். நிதானமான ஒருவரை, தம்பியோ மைத்துனரோ, கூட அழைத்துப் போய் அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். நோயின் சரியான பெயர், மொத்தச் சிகிச்சைக் காலம், அதில் எத்தனை மாதம் மருத்துவமனையிலோ அதன் பக்கத்திலோ இருக்க வேண்டும் என்பது, இவ்வளவு தெரிந்தால் அந்த வாரத்துக்குப் போதும்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதி ஏ.எல்.எல். என்ற வகை. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடுகின்றன. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளுத்துப்போகிறது. பிளேட்லெட் குறைவதால் தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தக்கசிவு. நல்ல வெள்ளை அணு இல்லாததால் விடாத காய்ச்சல். 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில்தான் இது அதிகம் வருகிறது. நீங்கள் கொடுத்த சாப்பாட்டால் வந்தது என்று எண்ண வேண்டாம். இது ஒட்டுகிற நோயும் இல்லை. இந்த இரண்டையும் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் கேட்கும்படி டாக்டர் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்துவிடுங்கள். தாயின் மீது பழி போடும் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அதை முதல் வாரத்திலேயே அடைத்துவிட வேண்டும். அவள்தான் இனி ராத்திரியெல்லாம் விழித்திருக்கப் போகிறவள்.

இது குணமாகக்கூடிய நோய். 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அதன் பிறகு நம் நாட்டில் வெகுவாகக் கூடியது. அந்த முறையும் இப்போது பல படி முன்னேறிவிட்டது. ஆனால் சிகிச்சை நீளமானது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. மருந்தைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை. அத்தனை நாளும் குடும்பம் உடையாமல் தாக்குப்பிடிப்பது நம் வேலை. அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். பணம், ஆள், படுக்கை, வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளை என்று இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் அந்த வேலையைப் பற்றியவை.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். மகளுக்கு ஐந்து வயதில் நோய் தெரிந்தது. சிகிச்சை மதுரையில். என் கணவர் நூற்பாலைத் தொழிலாளி. நாங்கள் பட்டதும், எங்கள் வார்டில் மற்றக் குடும்பங்கள் பட்டுத் தெளிந்ததும் சேர்ந்துதான் இங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

யார் தங்குவது

குழந்தையோடு ஒருவர்தான் தங்கலாம் என்பார்கள். பெரும்பாலும் அது அம்மா. அம்மா மட்டுமே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் முடிவதற்குள் இன்னொருவருக்கு எல்லா வேலையும் பழகியிருக்க வேண்டும். சிறுநீரை அளந்து எழுதுவது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, ட்ரிப்ஸ் மெஷின் கத்தினால் சிஸ்டரைக் கூப்பிடுவது, வாந்தி எடுத்தால் எந்தப் பக்கம் சாய்ப்பது, எல்லாம். எங்களுக்கு அந்த இன்னொருவர் என் தம்பி. வாரத்தில் ஒரு ராத்திரி அவன் தங்கினான், நான் வாடகை அறைக்குப் போய்த் தூங்கினேன். முதலில் பாப்பா அழுதாள். பிறகு மாமா வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். தூங்காத தாயால் டாக்டர் சொல்வதைக் கவனமாகக் கேட்க முடியாது. அவள் கையில் மாத்திரைக் கணக்கும் தப்பும்.

யார் எதைப் பார்ப்பது என்பதைப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். வார்டு ஒருவருக்கு. காப்பீடு, சான்றிதழ், ரத்த வங்கி இன்னொருவருக்கு. ஊரில் வீடும் பெரிய பிள்ளையும் மூன்றாமவருக்கு. உறவினருக்குத் தகவல் சொல்லும் வேலையை நாலாவதாக ஒருவர் எடுத்துக்கொண்டால் பெரிய உபகாரம். ஒவ்வொரு சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு அத்தைக்கும் தாயே போனில் ஆதியோடந்தம் சொல்லிக்கொண்டிருந்தால் அவளுக்கு வேறெதற்கும் தெம்பிருக்காது. எங்கள் கொழுந்தனார் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். "பாப்பா பத்தி என்னைக் கேளுங்க, அண்ணிய விட்ருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, குழந்தையின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், ரத்த வகை, எடை, ஒவ்வாமை உள்ள மருந்து ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு நாளுக்கு ஒரு பக்கம். எங்கள் நோட்டின் ஒரு நாள் இப்படி இருக்கும்:

'செவ்வாய். ஹீமோகுளோபின் 7.4. வெள்ளை அணு 900. பிளேட்லெட் 18,000. காலை 6 மணிக்கு 98.8, மதியம் 2க்கு 99.4. வின்கிரிஸ்டின் ஊசி 11 மணிக்கு. இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை, சிஸ்டரிடம் சொன்னேன், சிரப் கொடுத்தார்கள். தாடை வலி என்கிறாள். டாக்டரிடம் கேட்க: தாடை வலி ஊசியாலா?'

கடைசி வரிதான் முக்கியம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒரு படுக்கையில் நிற்பது சில நிமிடம். அந்த நேரத்தில் நமக்கு எல்லாமே மறந்துபோகும். கேள்வியை முன்பே எழுதி வைத்தவருக்குப் பதில் கிடைக்கும். தாடை வலியும் மலச்சிக்கலும் கால் வலியும் வின்கிரிஸ்டினால் வருபவைதான் என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. டானோரூபிசின் ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பிறகு வாய்ப்புண் வரும். முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதியாகும்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழையில் நனைந்த ஃபைலோடு அழுதுகொண்டு நின்ற ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதம்

முதல் நான்கைந்து வாரச் சிகிச்சைதான் மிகவும் கடுமை. தொடக்கத்தில் ட்ரிப்ஸ் நிறைய ஏறும். புற்று அணுக்கள் மொத்தமாக உடையும்போது சிறுநீரகம் கெடாமலிருக்க அந்தத் தண்ணீர் வேண்டும். சிறுநீரை அளக்கச் சொல்வது அதற்காகத்தான். ஒரு சொட்டு விடாமல் அளந்து எழுதுங்கள்.

அடுத்து வருவது ஸ்டீராய்டு பசி. இதை யாரும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பின்னிரவு எங்கள் மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். பிளாஸ்கில் இருந்ததைப் பிட்டுக் கொடுத்தேன். தின்று முடித்து, விரலில் ஒட்டிய பொடியை நக்கிக்கொண்டே, "பசிக்குதும்மா" என்று அழுதாள். இல்லை என்றதும் என் கையைக் கடித்தாள். அதுவரை கடித்தவளே இல்லை. விடிந்ததும் முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். அந்தப் பசியும் கோபமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு செய்கிற வேலை. கன்னம் உப்பும், வயிறு பெருக்கும், தொடை பலமிழந்து படி ஏற முடியாமல் போகும். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு எல்லாம் தணியும். குழந்தை கெட்டுப்போய்விட்டது என்று யாரும் திட்ட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் குறையட்டும். சிப்ஸும் பிஸ்கட்டும் வாங்கி வரும் மாமாக்களை வாசலிலேயே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு ஓடும்போது ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

முதுகு ஊசி எல்லாப் பெற்றோரையும் கலங்கடிக்கும். சாதாரணமாக ஏற்றும் மருந்துகளில் பல மூளையையும் தண்டுவடத்தையும் சரிவரச் சென்று சேர்வதில்லை. அங்கே நோய் ஒளிந்துகொள்ளாமலிருக்க நேராக முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்துகிறார்கள். கால் முடங்கிவிடும் என்று வார்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு சொன்ன நேரம் வரை தலையணை இல்லாமல் படுக்கவையுங்கள். "சும்மாதான் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். அடுத்த முறை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் குழந்தை நம்பாது. "இன்னைக்கு முதுகு ஊசி. தூங்கவச்சுட்டுத்தான் போடுவாங்க. கண்ணைத் திறக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்." இவ்வளவு போதும். சொன்னபடி பக்கத்தில் இருங்கள்.

இரண்டு, மூன்று வாரத்தில் முடி உதிரத் தொடங்கும். தலையணையெல்லாம் முடியாகி வாயில் ஒட்டுவதால், பலர் முன்பே மொட்டை அடித்துவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சவரக் கத்தி வேண்டாம், டிரிம்மர் மட்டும். பிளேட்லெட் குறைந்த தலையில் சிறு கீறல்கூட நிற்காமல் கசியும். எங்கள் பக்கத்தில் பழனிக்கு முடி நேர்ந்துகொள்ளாத குடும்பம் இல்லை. ரத்த அணுக்களின் கவுன்ட் குறைந்த குழந்தையைக் கோயில் கூட்டத்தில் நிறுத்தாதீர்கள். சிகிச்சை முடிந்து வளரும் முடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கையில் கட்டும் மந்திரித்த கயிறு நனைந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சாமி படத்தோடு ஒரு கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள். வார்டுக்குள் பூவும் வேண்டாம்.

காய்ச்சல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

கீமோ ஓடும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவி உயிரை எடுத்துவிடும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் சூடு மறையும், கிருமி மறையாது. ஆகவே டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். ஆசன வாயில் தெர்மாமீட்டர், எனிமா, மாத்திரை எதுவும் வைக்கக் கூடாது. காய்ச்சலே இல்லாமல் குழந்தை துவண்டு, கை கால் சில்லிட்டு, நடுங்கினாலும் உடனே புறப்படுங்கள்.

இடையிடையே வீட்டுக்கு அனுப்பும்போதுதான் ஆபத்து அதிகம். எங்கள் ஊரிலிருந்து மதுரை போக இரண்டு மணி நேரம். முதல் டிஸ்சார்ஜின்போதே டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினோம். 'இந்தக் குழந்தை ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளது, காய்ச்சலோடு வந்தால் ரத்த கல்ச்சர் எடுத்துவிட்டு இன்ன ஆன்டிபயாடிக்கை இன்ன அளவில் முதலில் கொடுத்து, பிறகு அனுப்பி வைக்கவும்' என்று அதில் எழுதி, அவர்கள் போன் எண்ணையும் போட்டிருந்தார்கள். திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு அந்தக் கடிதத்தோடு நடு இரவில் போனபோது பணியிலிருந்த டாக்டர் படித்தார், உடனே வேலையைத் தொடங்கினார். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனை எது, ராத்திரியில் வண்டி யாருடையது, 108ஐ அழைத்தால் எங்கிருந்து வரும் என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வையுங்கள்.

கிருமியைத் தடுக்க மிகப் பெரிய ஆயுதம் சோப்புதான். குழந்தையைத் தொடும் ஒவ்வொருவரும், டாக்டர் உட்பட, கை கழுவ வேண்டும். மறந்துவிட்டால் "கை கழுவிட்டீங்களா சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். சளி, இருமல் உள்ளவர் தாத்தாவே ஆனாலும் வெளியிலேயே நிற்கட்டும். அம்மை போட்ட யாரோடாவது குழந்தை இருந்துவிட்டால் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் சில நாட்களுக்குள் தடுப்பு மருந்து கொடுத்தால்தான் பலன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் கேளுங்கள். அதற்குப் பதில் ஊசி உண்டு.

சாப்பாடு

வெந்தது, சூடானது, அன்றே சமைத்தது. இதைத் தாண்டிப் பெரிய விதி கிடையாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். தோலுரிக்கும் பழங்களான வாழையும் ஆரஞ்சும் கழுவிய பிறகு தரலாம். பச்சை வெங்காயம், கடைச் சட்னி, தள்ளுவண்டித் தின்பண்டம், வெளி ஜூஸ் எதுவும் வேண்டாம். தயிர், இளநீர் பற்றி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்கள் டாக்டர் சொல்வதையே பின்பற்றுங்கள். வாய்ப்புண் வந்த நாட்களில் குழைய வடித்த சோறும் பருப்பும் நெய்யும் இறங்கும், காரம் இறங்காது.

பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், மலையிலிருந்து வந்த வேர் என்று யாராவது எதையாவது கொண்டு வருவார்கள். அன்பாகத்தான் கொண்டு வருகிறார்கள். வாங்கி வையுங்கள், கொடுக்காதீர்கள். கீமோ மருந்துகளில் சில ஏற்கெனவே கல்லீரலைப் படுத்துகின்றன. பச்சைச் சாற்றில் கிருமியும் உண்டு. கொடுத்தே ஆக வேண்டுமென்று மனசு அடித்துக்கொண்டால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள், மறைத்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ரத்தமும் பிளேட்லெட்டும்

சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும் பிளேட்லெட், இந்தக் குழந்தைகளுக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே போகும். அப்போது ஏற்றியாக வேண்டும். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் சேமிக்க முடியாது. ஆகவே மொத்தமாகச் சேகரித்து வைப்பது நடக்காது, ஆள் பட்டியல்தான் வேண்டும். குழந்தையின் ரத்த வகையுள்ள நண்பர்கள், ஆலையில் கூட வேலை செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பெயரும் எண்ணும் எழுதி, ஒருவர் மாற்றி ஒருவரை அழையுங்கள். முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். மெஷினில் பிளேட்லெட் மட்டும் கொடுத்தவர் சில நாட்களிலேயே மீண்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிட்டவரை அந்த வாரம் அழைக்க வேண்டாம்.

அப்பாவும் அம்மாவும் கூடப்பிறந்தவரும் ரத்தம் கொடுக்க முன்னால் வந்து நிற்பார்கள். டாக்டர் சொன்னாலொழிய அது வேண்டாம். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் அவர்கள்தான் முதலில் பார்க்கப்படும் கொடையாளர்கள், இப்போதே ஏற்றும் அவர்கள் ரத்தம் அதற்கு இடைஞ்சலாகலாம். நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அதைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும்.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல குடும்பம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் பிள்ளைகளுக்கும் அதில் சிகிச்சை உண்டு.

மருந்துச் செலவைத் திட்டம் தாங்கும். நம்மை அரிப்பது பஸ் கட்டணம், அறை வாடகை, விடுப்பில் போன கூலி, ஆட்டோ, சாப்பாடு. இதற்கென்று ஒரு மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிலத்தை விற்பது, கந்துவட்டி வாங்குவது இரண்டையும் முதல் மாத பயத்தில் செய்துவிடாதீர்கள். இரண்டரை ஆண்டுக்கும் பணம் வேண்டும். வார்டுக்கென்று மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். முதல் வாரமே அவரைப் பாருங்கள். குழந்தைகளுக்கு மருந்தும் ரேஷனும் தரும் அறக்கட்டளைகள் அவருக்குத்தான் தெரியும். சென்னையில் சிகிச்சை என்றால், வெளியூர்க் குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்க செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் இடம் தருகிறது, மருத்துவமனை வழியாகத்தான் கேட்க வேண்டும். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும் துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் முத்திரை வேண்டும்.

வீட்டிலிருக்கும் பிள்ளை

பெரியவன் அப்போது மூன்றாம் வகுப்பு. அத்தைதான் பார்த்துக்கொண்டார். வேளாவேளைக்குச் சோறு, பள்ளிக்கூடம், எதிலும் குறை இல்லை. ஒருநாள் போனில் மெதுவாக, "நான் அவளை அன்னைக்குத் தள்ளிவிட்டேன்ல, அதனாலயாம்மா?" என்று கேட்டான். மாதக்கணக்கில் அதை மனசில் வைத்திருந்திருக்கிறான். தங்கைக்கு என்ன நோய், எதனால் வரவில்லை, எத்தனை நாள் ஆகும் என்று கூடப்பிறந்த பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்பச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது தானாக ஒன்றை எண்ணிக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் பேசுங்கள். அந்தப் பேச்சில் நோயாளிக் குழந்தையைப் பற்றிக் கொஞ்சமாகவும் அவன் வகுப்பு, அவன் சண்டை, அவன் பம்பரம் பற்றி நிறையவும் இருக்கட்டும்.

வார்டில் மரணமும் நடக்கும். நேற்று வரை பக்கத்துப் படுக்கையில் வண்ணம் தீட்டிய பையன் இன்று இல்லாமல் போவான். வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லத் தோன்றும். ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அழுகைச் சத்தம் கேட்டிருக்கும். எங்கள் மகள் கேட்டபோது, அவனுக்கு வந்த நோய் மருந்துக்கு அடங்கவில்லை, அவன் இறந்துவிட்டான், உன் உடம்பு மருந்தைக் கேட்கிறது என்றேன். "சரி" என்றாள். பிறகு அவன் கொடுத்த பச்சைக் கிரேயானை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தாள். அந்தத் தாயைப் பார்க்கப் போங்கள். ஒன்றும் பேச வேண்டாம்.

திரும்பிப் போகும்போது

முதல் மாத முடிவில் மறுபடி எலும்பு மஜ்ஜைச் சோதனை செய்வார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதில் நோய் அடங்கியிருக்கும். முகம் தெளியும், விளையாடும், ஊருக்குப் போகலாம் என்பார்கள். இந்த நோயில் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். நுண்ணோக்கியில் தெரியாவிட்டாலும் கோடிக்கணக்கான புற்று அணுக்கள் உடம்பில் இன்னும் மிச்சமிருக்கலாம். அடுத்து வரும் மாதங்களின் கீமோவும், அதன் பிறகு ஒன்றரை இரண்டு ஆண்டு ஓடும் மாத்திரைகளும் அவற்றுக்காகத்தான். "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு மறுபடி ஊசி?" என்று ஊரில் கேட்பார்கள். அறுவடை, கல்யாணம், கையில் காசில்லாத மாதம் எல்லாம் வரும். நடுவில் விட்ட சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பினால் அதை மறுபடி அடக்குவது மிகக் கடினம்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இந்த நோய்க்குச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளில் ஆண்களே அதிகம். எத்தனையோ பெண் குழந்தைகள் வார்டு வாசலுக்கே வருவதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு என்று எங்களிடமும் ஒருவர் கேட்டார். என் கணவர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஆலையில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கினார்.

மாத்திரைக் காலத்தில் இரண்டு விஷயம் தவறக் கூடாது. மெர்காப்டோப்யூரின் தினமும், ஒரே நேரத்தில். நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாக அமெரிக்காவில் நடந்த ஆய்வு சொல்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள். அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் வேறு வேறு டப்பாவில் போட்டு, வார மாத்திரையின் டப்பா மேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நிமோனியா வராமலிருக்க வாரத்தில் சில நாள் தரும் செப்ட்ரான் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். ஒவ்வொரு முறையும் சீட்டில் உள்ள புது அளவைப் படித்து நோட்டில் எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அடுத்து வர வேண்டிய தேதியை எழுதி வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். பணமில்லை, ஆளில்லை, அந்தத் தேதிக்கு வரமுடியாது என்று தோன்றினால், தேதி கடந்து போகும்வரை சும்மா இருக்காமல் முன்பே வார்டுக்குப் போன் செய்து உள்ளபடி சொல்லுங்கள். பஸ் காசு இல்லாத குடும்பத்துக்கு வழி செய்து கொடுத்த சமூகப் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.